மேல்சித்தாமூர்

இக்கட்டுரை விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள சமணத் தலத்தைப் பற்றியது. செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்துள்ள சித்தாமூர் வேறு ஊராகும்.

மேல்சித்தாமூர் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம், செஞ்சி வட்டத்தில் அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட திகம்பர சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இவ்வூரில் உள்ளது. மடத்தின் தலைவர் இலட்சுமிசேன பட்டாரகர் என்னும் பட்டப்பெயரால் அழைக்கப்படுகின்றார். பாறைப் புடைப்புச் சிற்பங்களைக் கொண்ட மலைநாதர் கோயில், பெரிய கோயிலான பார்சுவநாதர் கோயில் ஆகிய இரண்டும் இங்குள்ள வழிபாட்டிடங்கள். பல்லவர், சோழர் காலங்களில் தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும் பரவியிருந்த சமணப் பள்ளிகளுள் பெரும்பாலானவை இன்று பாழடைந்த குன்றுகளாகவோ, காவலர் இல்லாத சிற்பங்களாகவோ எஞ்சியுள்ளன. மேல்சித்தாமூரில் மட்டும் பூசை, மடம், தேர், மக்கள் ஆகிய நான்கும் ஒருங்கே நிலைத்திருக்கின்றன. இவ்வூரின் சிறப்புக்கு அதுவே முதற் காரணம்.

அமைவிடம்

திண்டிவனத்திலிருந்து மேற்கே செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் கிருட்டிணகிரிக்கும் செல்லும் தேசிய நெடுஞ்சாலைக்கு அருகில், திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட பகுதியில் இவ்வூர் உள்ளது. திண்டிவனத்திலிருந்து ஏறத்தாழ 20 கிமீ தொலைவு. சென்னை எழும்பூர் - விழுப்புரம் இருப்புப்பாதையில் உள்ள திண்டிவனமே அண்மைத் தொடர்வண்டி நிலையம் ஆகும்.

செஞ்சி வட்டாரத்தின் நிலத்தோற்றம் தனித்தன்மை வாய்ந்தது. உருண்டைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டி வைத்தாற் போன்ற கருங்கற் குன்றுகள், அவற்றின் அடிவாரத்தில் ஏரிகள், ஏரிப் பாசனத்தில் நெல் வயல்கள், மேட்டு நிலங்களில் மணிலாக்கொட்டை, வரப்புகளில் பனை மரங்கள் என்று காட்சி மாறி மாறி வரும். இக்குன்றுகளின் இயற்கையான குகைத்தளங்களும் செங்குத்தான பாறை முகங்களும் சமண முனிவர்கள் தங்குவதற்கும் சிற்பிகள் உருவங்களைச் செதுக்குவதற்கும் ஏற்றவையாக இருந்தன. ஒரு தனிப் பாறையே மேல்சித்தாமூரின் பழைய கோயிலுக்கும் கருவாக அமைந்தது.

வரலாற்றுப் பின்னணி

பழைய தென்னார்க்காடு மாவட்டப் பகுதியில் சமணத்தின் வேர்கள் ஆழமானவை. இன்று கடலூரின் ஒரு பகுதியாகிவிட்ட திருப்பாதிரிப்புலியூர், பாடலிகை என்னும் பெயரில் சமணக் கல்வியிடமாக விளங்கியது. உலக அமைப்பைப் பற்றிய லோகவிபாகம் என்னும் நூலைச் சர்வநந்தி என்னும் முனிவர் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், அங்கு எழுதி முடித்தார். திருநாவுக்கரசர் சைவத்திற்குத் திரும்பும் முன் தருமசேனர் என்னும் பெயருடன் இருந்த சமண மடமும் அவ்வூரைச் சார்ந்ததே என்று பெரிய புராணம் கூறுகின்றது.

செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்று மேல்சித்தாமூரின் பின்னணியை அறிய மிகவும் இன்றியமையாத இடம். அங்கு ஒரு பெரும் பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் இரண்டு வரிசைகளில் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி ஆசிரியர் என்னும் முனிவர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியை அங்குள்ள ஒரு சிறிய கல்வெட்டு தெரிவிக்கின்றது. வட்டெழுத்தாக உருமாறிக் கொண்டிருந்த எழுத்தில் அமைந்த இக்கல்வெட்டு கி.பி. 5 - 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படுகின்றது. தமிழில் ஐகார உயிரெழுத்து தனியெழுத்தாக இடம்பெறும் மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்று என்பதால் எழுத்தியல் ஆய்வாளர்கள் இதனைப் பெரிதும் மதிப்பர். முப்பது நாள் நோன்பிருந்த இளைய பட்டாரர் என்னும் மற்றொரு முனிவரின் நிசிதிகைக் கல்வெட்டும் அங்கு உண்டு. இக்குன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் பள்ளி, பள்ளிச்சந்தம் என்னும் சொற்கள் இப்பகுதியில் திரும்பத் திரும்ப வருகின்றன. பள்ளி என்பது சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தையும் கோயிலையும் குறிக்கும். அதற்கு வரி நீக்கிக் கொடுக்கப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் ஆகும். துறவியர் பகலில் கற்பித்த இடம் என்பதால் கல்விச்சாலைக்கும் பள்ளி என்னும் பெயர் நிலைத்தது என்று பலர் கருதுகின்றனர். முதலாம் ஆதித்த சோழன் காலத்தில் வந்தவாசிப் பக்கத்து வேடல் என்னும் ஊரில், கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவியும் அவருடைய ஐந்நூறு மாணாக்கியரும் இருந்ததாகவும், அவர்களுக்கும் வேறு துறவியருக்கும் பிணக்கு ஏற்பட்டதாகவும் ஒரு கல்வெட்டு கூறுகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்துச் சமணப் பள்ளிகளின் அளவை மதிப்பிட இந்த ஒரு செய்தி போதும். மேல்சித்தாமூர் மலைநாதர் கோயிற் சிற்பங்களும் அதே நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கொள்ளப்படுகின்றன.

மலைநாதர் கோயில்

ஊரில் உள்ள பழைய கோயில் இதுவே. ஒரு பெரும் பாறையின் முகத்தில் பாகுபலி, பார்சுவநாதர், ஆதிநாதர், மகாவீரர், அம்பிகை இயக்கி ஆகியோரின் புடைப்புச் சிற்பங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கோயிற் கட்டடங்கள் இப்பாறையைச் சூழப் பிற்காலத்தில் எழுந்தவை. சோழர் காலக் கல்வெட்டுகளும் இங்கு உள்ளன.

சமணச் சிற்பங்களைக் காணப் பழகாதவர்களுக்குத் தீர்த்தங்கரர் உருவங்கள் அனைத்தும் ஒன்றுபோலத் தோன்றும். அடையாளங்களை அறிந்துகொண்டால் வேறுபடுத்துவது எளிது. பார்சுவநாதர் தலைக்கு மேல் பாம்பின் படம் குடையாக விரிந்திருக்கும். தவத்திலிருந்த அவர்மீது கமடன் என்னும் பகைவன் பெருமழையையும் கற்களையும் ஏவியபோது, தரணேந்திரன் என்னும் நாகர் தலைவன் குடை பிடித்துக் காத்தான் என்பது கதை. பாகுபலி தீர்த்தங்கரர் அல்லர். முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதரின் மகன். அசையாது நின்று தவம் செய்ததால் அவருடைய கை கால்களில் கொடிகள் படர்ந்திருக்கும். சிரவணபெளகுளத்தில் ஒற்றைக்கல்லில் நிற்கும் பேருருவம் இவருடையதே. ஆயினும் அப்பேருருவம் பத்தாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. தமிழ்நாட்டுப் பாறைகளில் பாகுபலி அதற்கு முன்பே இடம்பெற்றுவிட்டார் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அம்பிகை, நேமிநாத தீர்த்தங்கரரின் இயக்கி. தமிழ்ச் சமணர் இவரைத் தருமதேவி என்று அழைக்கின்றனர். வீட்டில் விருந்துக்கெனச் சமைத்த உணவை ஒரு முனிவருக்கு ஈந்ததற்காகக் கணவனால் வெறுக்கப்பட்டு, இரு குழந்தைகளுடன் வீட்டை விட்டு வெளியேறிய ஒரு பெண்ணே மறுபிறப்பில் அம்பிகை ஆனாள் என்றும், கணவனே அவளுக்குச் சிங்க ஊர்தியானான் என்றும் கூறுவர். சிங்கம், இரு குழந்தைகள் ஆகியவை அவ்வுருவத்துடன் காட்டப்படுவது இதனாலேயே. தீர்த்தங்கரர்கள் வேண்டுதல் வேண்டாமை இலர். ஆகவே மழை, மகப்பேறு, நோய் நீக்கம் போன்ற உலகியல் வேண்டுதல்களுக்கு மக்கள் இயக்கியரையே நாடினர். தமிழ்நாட்டில் அம்பிகை வழிபாடு தழைத்ததற்கு இதுவே காரணம் எனலாம்.

பார்சுவநாதர் கோயில்

உயர்ந்த இராசகோபுரத்துடன் ஊரின் அடையாளமாக நிற்கும் பெரிய கோயில் பார்சுவநாதருக்கு உரியது. மூலவர் சிங்கபுரிநாதர் எனவும் அழைக்கப்படுகின்றார். சோழர் காலத்தில் செஞ்சிப் பகுதி சிங்கபுர நாடு என வழங்கியது இங்கு ஒப்பிடத்தக்கது. கோயிலின் இன்றைய அமைப்பின் பெரும்பகுதி பதினாறாம் நூற்றாண்டையும் அதற்குப் பிற்பட்ட காலத்தையும் சேர்ந்தது. கோபுரம், திருச்சுற்று, தூண்கள் நிறைந்த மண்டபங்கள், தேர் ஆகியவற்றைத் தொலைவிலிருந்து காண்பவர் இதனைச் சிவன் கோயில் என்றோ பெருமாள் கோயில் என்றோ எண்ணிவிட வாய்ப்புண்டு. கோபுரத்துச் சுதை உருவங்களையும், கோயில் முன்னுள்ள மானத்தம்பத்தையும் கண்ட பின்னரே வேறுபாடு தெரியவரும். மானத்தம்பம் என்பது சமணக் கோயில்களின் முன் நிறுத்தப்படும் உயர்ந்த கல்தூண். கோயிலுக்குள் நுழைபவர் தம் செருக்கை அதனடியில் விட்டுவிட வேண்டும் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர்.

இங்குள்ள நேமிநாதர் திருவுருவம் சென்னை மயிலாப்பூரிலிருந்து கொண்டுவரப்பட்டது என்பது தமிழ்ச் சமணரிடையே வழங்கும் செய்தி. இன்றைய சாந்தோம் கடற்கரைப் பகுதியில் இருந்த நேமிநாதர் கோயிலைக் கடல் கொள்ளும் நிலை வந்தபோது திருவுருவத்தை இவ்வூருக்கு எடுத்து வந்தனர் என்பர். மயிலாப்பூரில் அத்தகைய கோயில் இருந்ததற்கு இலக்கியச் சான்றுகள் உள்ளன. குணவீர பண்டிதர் இயற்றிய நேமிநாதம் என்னும் இலக்கண நூல் அந்த மயிலை நேமிநாதரின் பெயரைத் தாங்கியது. அவிரோதியாழ்வாரின் திருநூற்றந்தாதியும் அவரைப் பாடியது. கோயில் மறைந்துவிட்டது, இலக்கண நூலும் அந்தாதியும் இத்திருவுருவமும் எஞ்சின.

கோயில்களில் பூசை செய்வோர் உபாத்தியாயர் எனப்படுவர். ஆண்டுதோறும் பங்குனி மாதத்தில் பெருவிழாவும் தேரோட்டமும் நடைபெறும். சென்னை முதலிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் ஒன்றுகூடும் காலமும் அதுவே.

ஜினகாஞ்சி மடம்

மடத்தின் பெயரில் உள்ள காஞ்சி, காஞ்சிபுரத்தைக் குறிக்கும். காஞ்சிபுரத்தின் ஒரு பகுதியான திருப்பருத்திக்குன்றம் ஜினகாஞ்சி என வழங்கியது. அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலில் விசயநகர அரசின் அமைச்சரும் சமணருமான இருகப்பர் 1387 - 88இல் ஒரு மண்டபத்தைக் கட்டினார். அவருடைய ஆசிரியர் புட்பசேனர். மேருமந்தர புராணத்தை இயற்றிய வாமன முனிவரும் அவ்விடத்தோடு தொடர்புடையவர். பிற்காலத்தில் மடம் அங்கிருந்து மேல்சித்தாமூருக்கு இடம்பெயர்ந்தது. ஊர் மாறினாலும் பழைய பெயரை மடம் விடவில்லை.

பட்டாரகர் என்பவர் திகம்பர மரபில் முழுத் துறவிக்கும் இல்லறத்தாருக்கும் இடைப்பட்ட நிலையில் உள்ள சமயத் தலைவர். திகம்பர முனிவர் ஆடை துறந்தவர், ஓரிடத்தில் நிலைத்துத் தங்காதவர். பட்டாரகரோ காவியாடை உடுத்து, மயிற்பீலியும் கமண்டலமும் ஏந்தி, மடத்தில் தங்கிக் கோயில்களின் நிருவாகத்தையும் சுவடிகளையும் காப்பவர். சமூகத்தின் வழக்குகளைத் தீர்ப்பதும் முற்காலத்தில் அவருடைய பொறுப்பாக இருந்தது. முனிவர்கள் அரிதாகிவிட்ட நூற்றாண்டுகளில் இவ்வமைப்பே திகம்பர சமணத்தைத் தாங்கி நின்றது. டில்லி, கொல்லாபுரம், ஜினகாஞ்சி, பெனுகொண்டா ஆகிய நான்கு சிம்மாசனங்களுக்கு உரியவர் என்பது இலட்சுமிசேனர் மரபின் விருதுப்பெயர். இதே பட்டப்பெயரைத் தாங்கிய மடம் மகாராட்டிரத்தின் கொல்லாபுரத்திலும் உண்டு. தமிழ்நாட்டில் மற்றொரு சமண மடம் திருவண்ணாமலை மாவட்டத்தின் திருமலையில் 1998இல் அரகந்தகிரி என்னும் பெயரில் நிறுவப்பட்டது. அதற்கு முன் தமிழ்ச் சமணருக்கு இருந்த ஒரே மடம் மேல்சித்தாமூரே.

செஞ்சித் தலைவனும் சமணரும்

மேல்சித்தாமூரை ஒட்டிய சமணரின் கூட்டு நினைவில் ஒரு கொடிய நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. 1906இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியில் பிரான்சிசு என்பவர் இதனைப் பதிவு செய்துள்ளார். செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்னும் தலைவன் உயர்குடியினரிடம் பெண் கேட்டான். சமணர் கொடுத்தால் தாமும் கொடுப்பதாகப் பிராமணர் கூறினர். சமணருள் ஒருவர் இசைந்தார். குறித்த நாளில் தலைவன் மணக்கோலத்தில் ஊர்வலமாக வந்தபோது வீடு வெறிச்சோடிக் கிடந்தது. வாயிற்காலில் ஒரு பெண் நாய் மட்டுமே கட்டப்பட்டிருந்தது. சினங்கொண்ட அவன் சமணர் அனைவரின் தலையையும் கொய்ய ஆணையிட்டான். பலர் மாண்டனர். சிலர் ஊரைவிட்டு ஓடினர். வேறு சிலர் பூணூலைக் களைந்து திருநீறு பூசிச் சைவர் ஆயினர். நீறுபூசி வேளாளர் என்னும் பிரிவினர் இவர்கள் வழிவந்தோர் என்பர்.

திண்டிவனத்தை அடுத்த வேலூர் என்னும் சிற்றூரில் (மாவட்டத் தலைநகரான வேலூர் அன்று) ஒருவர் சமண முறைப்படி நீராடியதைக் கண்ட ஏவலர் அவரைப் பிடித்துச் சென்றனர். தலைவனுக்கு அன்று மகன் பிறந்திருந்தமையால் அவர் உயிர் தப்பினார். பின்னர் அவர் சிரவணபெளகுளம் சென்று கற்று வீரசேனாசாரியர் ஆனார். இதற்கிடையில் தாயனூரைச் சேர்ந்த காங்கேய உடையார் என்பவர் உடையார்பாளையம் சமீன்தாரிடம் அடைக்கலம் புகுந்திருந்தார். நிலைமை தணிந்தபின் அவர் சிரவணபெளகுளம் சென்று வீரசேனாசாரியரை அழைத்து வந்து, சமயம் மாறியோரை மீண்டும் சமணராக்கினார். இதற்கு நன்றியாக அவருடைய வழித்தோன்றல்களுக்கு விழாக்களில் முதல் தாம்பூலமும், சித்தாமூர் மடத்துத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் முதன்மையும் அளிக்கப்பட்டதாக விவரச்சுவடி கூறுகின்றது.

இக்கதையை அப்படியே வரலாறாகக் கொள்வதில் இடர்ப்பாடு உண்டு. நிகழ்ச்சியின் ஆண்டு 1478 எனக் கூறப்படுகின்றது. ஆனால் செஞ்சி நாயக்கர் ஆட்சி பதினாறாம் நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டது. வாயிலில் நாயைக் கட்டிவிட்டு ஊரை விட்டகன்ற பெண் வீட்டார் என்னும் செய்தி, தமிழகத்தில் வேறு பல சாதியினரின் குடிபெயர்வுக் கதைகளிலும் வருகின்ற ஒன்று. எனினும் கதையில் வரும் ஊர்கள் யாவும் உண்மையான சமண ஊர்கள். தாம்பூல உரிமை போன்ற வழக்காறுகள் வெறுங் கற்பனையிலிருந்து எழுவது அரிது. ஒரு பெருந்துன்பம் நேர்ந்தது, சமூகம் சிதறியது, கருநாடகத் தொடர்பினால் அது மீண்டும் கட்டப்பட்டது என்ற அளவில் இதனை ஏற்பது பொருந்தும். ஏனைய சமண ஊர்கள் அழிந்தபோது மேல்சித்தாமூர் நிலைத்ததற்கும் அந்த மீட்டுருவாக்கமே விளக்கம் தருகின்றது.

மக்கள்

தமிழ்ச் சமணர் நயினார் என்னும் பட்டத்தால் பரவலாக அறியப்படுகின்றனர். விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் மாவட்டங்களின் சிற்றூர்களில் வாழும் இவர்களில் பெரும்பாலோர் நெடுங்காலமாக வேளாண்மை செய்து வந்தவர்கள். உழவில் உயிர்க்கொலை நேரும் என்பதால் சமணர் வணிகத்தையே நாடுவர் என்னும் பொதுக் கருத்துக்கு இவர்கள் நல்லதொரு விதிவிலக்கு. பொழுது சாய்வதற்குள் உண்பது, நீரை வடிகட்டிக் குடிப்பது, புலால் மறுத்தல் ஆகியவை இவர்களுடைய அன்றாட ஒழுக்கங்கள். தீபாவளியை மகாவீரர் வீடுபேறு அடைந்த நாளாகக் கொள்கின்றனர்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் 89,265 பேர். இவ்வெண்ணில் இராசத்தான், குசராத்து முதலிய மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியோரும் அடங்குவர். தமிழ்ச் சமணர் அதில் ஒரு பகுதியினரே. சமணர் என்றவுடன் வடநாட்டு வணிகரை நினைக்கும் பழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றிவிட்டமையால், சிந்தாமணியும் நன்னூலும் தந்த மரபினர் தம் சொந்த மாநிலத்திலேயே தம்மை விளக்க வேண்டிய நிலையில் உள்ளனர்.

இம்மக்கள் தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலும் இடம்பெறுகின்றனர். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், கும்பகோணத்துச் சமணர்களிடம், குறிப்பாகச் சந்திரநாத செட்டியாரிடம், சமயச் செய்திகளைக் கேட்டுத் தெளிந்த பின்னரே அக்காப்பியத்தின் பொருள் விளங்கியது என்று தம் வரலாற்றில் எழுதியுள்ளார். ஏட்டுச் சுவடி கிடைத்தும் அதன் பொருளைச் சொல்லும் மக்கள் இல்லாதிருந்தால் பதிப்பு முழுமை பெற்றிராது. நீலகேசியை 1936இல் பதிப்பித்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் இச்சமூகத்தைச் சேர்ந்தவர்.

பாதுகாப்பும் சுற்றுலாவும்

இடைக்காலச் சிற்றூர்களைக் கண்டு வருவது மேற்கு ஐரோப்பாவில் நன்கு வளர்ந்த ஒரு வழக்கம். பிரான்சில் 1982இல் தொடங்கப்பட்ட "பிரான்சின் மிக அழகிய ஊர்கள்" என்னும் சங்கம், 2,000 பேருக்கு மிகாத மக்கள்தொகையும் குறைந்தது இரண்டு பாதுகாக்கப்பட்ட சின்னங்களும் கொண்ட ஊர்களையே உறுப்பினராகச் சேர்க்கின்றது. இளைஞர் வெளியேறிச் சிற்றூர்கள் வெறுமையாவதைத் தடுப்பதே அதன் தொடக்க நோக்கம். அங்குள்ள கோன்க்கு போன்ற ஊர்கள் ஒரு மடாலயத்தையும் புனிதப் பயணிகளையும் நம்பி வளர்ந்தவை என்ற வகையில் மேல்சித்தாமூருடன் ஒப்புநோக்கத்தக்கவை. தமிழ்நாட்டில் ஊர் முழுமையையும் மரபுச் சின்னமாகக் கருதும் ஏற்பாடு வேரூன்றவில்லை. கோட்டையும் குகையும் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைச் சூழ்ந்த தெருவும் வீடும் கணக்கில் வருவதில்லை.

செஞ்சிக் கோட்டை மராத்தியர் படைக் கோட்டைகளுள் ஒன்றாக 2025 சூலையில் யுனெசுக்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கோட்டையைக் காண வருவோர் அதே நாளில் திருநாதர்குன்றையும், சிங்கவரத்து அரங்கநாதர் குடைவரையையும், மேல்சித்தாமூரையும் கண்டு திரும்ப இயலும். வருவோர் பெருகுவதால் நன்மையும் உண்டு, இடரும் உண்டு. இப்பகுதிக் கருங்கல்லுக்குச் சந்தை மதிப்பு மிகுதி. தமிழ்நாட்டின் சமணக் குன்றுகள் பலவற்றுக்குக் கல்லுடைப்பே பெரும் அச்சுறுத்தல் என்பதை மதுரைப் பகுதியில் கீழவளவு போன்ற இடங்கள் காட்டியுள்ளன. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுச் சமணச் சின்னங்களைப் படமெடுத்து ஆவணப்படுத்தியுள்ளது. பழஞ்சிற்பங்கள் மீது வண்ணம் பூசுவதும், பழைய மண்டபங்களில் பளிங்குக் கல் பதிப்பதும் பல சமணக் கோயில்களில் பக்தியின் பெயரால் நடைபெறும் மாற்றங்கள். வழிபாட்டில் உள்ள கோயிலில் இவற்றை முற்றிலும் தடுப்பது எளிதன்று.

மேல்சித்தாமூர் வழிபாட்டுத் தலமாகையால், செல்வோர் தோற்பொருள்களையும் புலால் உணவையும் தவிர்த்தல் வேண்டும். கருவறைப் பகுதியில் படம் எடுக்கும் முன் மடத்தாரிடம் ஒப்புதல் பெறுவது முறை. சுவடிகளைப் பார்க்க விரும்பும் ஆய்வாளர்கள் முன்கூட்டியே மடத்துக்கு எழுதிக் கேட்டல் நன்று. பங்குனித் தேர் நாளில் ஊரில் கூட்டம் மிகும். சிற்பங்களை நின்று காண விரும்புவோர் வேறொரு நாளில், வெயில் ஏறுமுன் காலையில் செல்லலாம்.